நாலாவது பிரதி

ஸ்ரீவில்லிபுத்தூர்
12.6.1999

அங்காளம்மாளுக்கு,

இரண்டு வருஷமாக உனக்குக் கடிதம் எழுதவில்லை. இனிமேலும் எழுதுவதாக இல்லை. ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது, அதற்காக மட்டும் இது. இதை வைத்துக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றுவிடாதே. தாலி கட்டியவனை விட்டுவிட்டு, ராஜபாளையத்தில் தனியாக ரூம் எடுத்து உட்கார்ந்திருப்பவளுக்கு இங்கே இடமில்லை என்று அன்றைக்கே சொல்லியாகிவிட்டது. மாப்பிள்ளை என் கூட வேலை பார்ப்பவர். தினமும் அவர் முகத்தில் நான் விழிக்கிறேன். அந்த அவமானம் உனக்குத் தெரியாது.

விஷயத்துக்கு வருகிறேன். நான் மனித உரிமைச் சட்டம் படிக்கிறேன். சிரிக்காதே. காலேஜில் சனி, ஞாயிறு வகுப்பு, ஒரு வருஷ டிப்ளமா. நாற்பத்தாறு வயதில் ஏட்டு உக்கிரபாண்டி பெஞ்சில் உட்கார்ந்து பாடம் கேட்கிறான். எஸ்.ஐ. பிரமோஷனுக்கு இந்தப் படிப்பு கைகொடுக்கும் என்று டிபார்ட்மெண்டில் பேச்சு. முப்பது பேரில் சட்டத்தை நேரில் பார்த்தவன் நான் ஒருத்தன்தான். மற்றதெல்லாம் மீசை முளைக்காத பயல்கள்.

அதற்கு ஒரு ப்ராஜெக்ட் டைப் அடித்துக் கொடுக்க வேண்டும். கடைவீதியில் கொடுத்தால் போலீஸ்காரன் எழுதியதை ஊரே படிக்கும். நீ டைப்பில் ஹையர் பாஸ் பண்ணியவள். அதனால் உனக்கு.

நீயும் ஏதோ சாயங்காலக் காலேஜுக்குப் போகிறாயாமே. டாக்டர் பேசுவதைக் காதில் மாட்டிக் கேட்டு டைப் அடிப்பதாம். மூன்றாம் வகுப்பில் வாத்தியார் சொல்லச் சொல்ல எழுதினோமே, அதற்கு இப்போது சர்டிபிகேட் கொடுக்கிறார்களா? நல்ல காலேஜ்.

முடியுமா, முடியாதா என்று எழுது.

உக்கிரபாண்டி


ராஜபாளையம்
17.6.1999

அண்ணன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தில் நான் எப்படி இருக்கிறேன் என்று ஒரு வரி இல்லை. நானே சொல்லிவிடுகிறேன். பகலில் பேண்டேஜ் துணி மில் ஆபீஸில் டைப் அடிக்கிறேன். சாயங்காலம் வகுப்பு. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், யாரும் அடிப்பதில்லை. இதற்குப் பெயர்தான் நலம் என்று நினைக்கிறேன்.

நீங்கள் மனித உரிமைச் சட்டம் படிப்பதைக் கேட்டு நான் சிரிக்கவில்லை. பக்கத்து சீட்டு வெள்ளத்தாயிடம் சொன்னேன், அவள்தான் சிரித்தாள். செத்த நேரம் கழித்து, "அவிய எந்தப் பக்கத்து ஆளா இருந்து படிக்காக?" என்று கேட்டாள். கேள்வியை உங்களுக்கே அனுப்பி வைக்கிறேன்.

எங்கள் படிப்பைப் பற்றி உங்களுக்குச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். காதில் ஹெட்போன். காலடியில் ஒரு பெடல், மிதித்தால் டேப் ஓடும், எடுத்தால் நிற்கும். டாக்டர் நோயாளியைப் பற்றிச் சொல்லி வைத்ததைக் கேட்டு அப்படியே அடிக்க வேண்டும். எங்கள் டீச்சர் அசீனா முதல் நாளே சொன்னார்கள்: "காதுல விழுந்ததை மட்டும் அடிங்க. மனசுல தோணுறதை அடிக்காதீங்க. கேக்கலையா, எடம் விட்டுருங்க. அடிச்ச பொறவு வெளிய போயி ஒரு வார்த்தை பேசக் கூடாது."

ஆனால் டிக்டேஷன் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. என் இடது மணிக்கட்டு முறிந்து ஆஸ்பத்திரி வரிசையில் நின்றபோது நீங்களும் எனக்கு டிக்டேஷன் கொடுத்தீர்கள். "ஏட்டி, மாடிப்படியில வழுக்கி விழுந்தேன்னு சொல்லு. மாப்பிள்ளை பேரு வெளிய வரப்படாது." நான் சொன்னேன். டாக்டர் எழுதிக்கொண்டார். அந்த மணிக்கட்டோடுதான் இப்போதும் டைப் அடிக்கிறேன். மழைக்காலத்தில் கொஞ்சம் வேகம் குறையும், அவ்வளவுதான்.

ப்ராஜெக்ட்டை அனுப்புங்கள். அடித்துத் தருகிறேன். உங்கள் கையெழுத்து மட்டும் புரியும்படி இருக்கட்டும்.

அங்காளம்மாள்


ஸ்ரீவில்லிபுத்தூர்
1.7.1999

அங்காளம்மாளுக்கு,

உன் வாய் மட்டும் அப்படியேதான் இருக்கிறது. அதனால்தான் வாழவில்லை.

நாற்பத்திரண்டு பக்கம். நம்ம காமராஜ் கண்டக்டரிடம் கொடுத்திருக்கிறேன். மழையில் நனையாமல் இருக்க பால்கோவா டப்பாவில் வைத்துக் கட்டியிருக்கிறேன், பிரித்துப் பார்த்து எடு.

இதில் முக்கியம் கடைசிப் பாகம். "நேரடி அனுபவக் குறிப்பு" என்று அதற்குத் தனியாகப் பதினைந்து மார்க். வகுப்பில் பயல்கள் பேப்பரில் வந்ததை வெட்டி ஒட்டுகிறான்கள். நான் மே மாதம் நடந்த உண்மையான கேஸை எழுதியிருக்கிறேன். பிளவக்கல் பக்கம் தோப்பில் மோட்டார் திருடு போனது, சமுத்திரம் என்று ஒரு தோட்ட வேலைக்காரனைப் பிடித்து விசாரித்தோம். கைதானவனை நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. நாங்கள் மணி பிசகாமல் காட்டினோம். அதைத் தேதி, நேரத்தோடு எழுதியிருக்கிறேன். எல்லாம் என் சொந்த டியூட்டி நோட்டில் அன்றன்றைக்குக் குறித்தது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒரு எழுத்து மாற்றக் கூடாது. உன் மூளையை இதில் நுழைக்காதே. காதில் விழுந்ததை அடிக்கிறவள்தானே நீ, கண்ணில் பட்டதையும் அப்படியே அடி.

உக்கிரபாண்டி


ராஜபாளையம்
9.7.1999

அண்ணன் அவர்களுக்கு,

டப்பா வந்தது. அதற்குள் எறும்பும் வந்தது. மனித உரிமைகளின் வரலாறு முழுக்க எறும்பு. தட்டிவிட்டு அடித்தேன்.

முப்பது பக்கம் முடிந்துவிட்டது. முதல் பாகம் புத்தகத்தைப் பார்த்து எழுதியது போல இருக்கிறது, அதனால் பிழையில்லை. கடைசிப் பாகத்தில் ஒரு சந்தேகம். எங்களுக்குச் சந்தேகம் வந்தால் கேட்க வேண்டும் என்று விதி. அதனால் கேட்கிறேன், மூளையை நுழைப்பதற்காக இல்லை.

முப்பத்தேழாம் பக்கத்தில் இப்படி இருக்கிறது: "மே 11ஆம் தேதி செவ்வாய் மாலை ஆறு மணிக்கு டீக்கடையிலிருந்து சமுத்திரத்தை நிலையத்துக்கு அழைத்து வந்தோம். டீயும் பன்னும் வழங்கப்பட்டது. மே 13ஆம் தேதி வியாழன் மாலை ஆறு மணிக்கு, சரியாக நாற்பத்தெட்டு மணி நேரத்தில், மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம்."

ஆனால் ஒன்பதாம் பக்கத்தில் நீங்களே, கைதானவரை இருபத்துநாலு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்று எழுதி, சிவப்பு மையில் அடிக்கோடும் போட்டிருக்கிறீர்கள். இரண்டு நாளில் மாஜிஸ்திரேட் எங்கேயும் வரவில்லை. தேதி சரிதானா? மாற்ற வேண்டுமென்றால் இப்போதே எழுதுங்கள்.

அங்காளம்மாள்


ஸ்ரீவில்லிபுத்தூர்
13.7.1999

அங்காளம்மாளுக்கு,

உன்னிடம் அபிப்பிராயம் கேட்டேனா? இருபத்து மூன்று வருஷம் சர்வீஸ். எனக்கு நீ சட்டம் சொல்கிறாயா? இருபத்துநாலு மணி நேரம் என்பது முதல் பேப்பர். நாற்பத்தெட்டு மணி நேரம் என்பது மூன்றாம் பேப்பர். இந்த ப்ராஜெக்ட் மூன்றாம் பேப்பருக்கு. இதுகூடத் தெரியாத கழுதையெல்லாம் கேள்வி கேட்க வந்துவிட்டது.

என் நோட்டில் தேதி தப்பாது. அப்படியே அடி.

முன்பக்கத்தில் உறுதிமொழியும் சேர். "இதில் கண்டவை யாவும் நான் நேரில் கண்டு, அன்றைய தினமே குறித்தவை, உண்மை என உறுதி கூறுகிறேன்." அதற்குக் கீழே என் பெயர், பதவி. நான்கு பிரதி அடித்து அனுப்பு, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று காலேஜுக்கு. நாலாவது உனக்கே திருப்பி அனுப்புகிறேன். வைத்துப் படி. மனித உரிமை என்றால் என்ன, மனிதர்களோடு எப்படி நடந்துகொள்வது என்று அதைப் பார்த்தாவது உனக்குப் புத்தி வரட்டும்.

உக்கிரபாண்டி


ராஜபாளையம்
21.8.1999

அண்ணன் அவர்களுக்கு,

நாலாவது பிரதி போன மாதமே கண்டக்டர் மூலம் வந்து சேர்ந்தது. முதல் பக்கத்தில், "தங்கை அங்காளம்மாளுக்கு, படித்துத் திருந்தவும். உக்கிரபாண்டி, தலைமைக் காவலர்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். உங்களிடமிருந்து எனக்கு வந்த முதல் பரிசு. நீங்கள் சொன்னபடி படித்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் வகுப்பில் பழைய டேப்புகளைப் பழகக் கொடுத்தார்கள். ராஜபாளையத்து ஆஸ்பத்திரி ஒன்றின் டாக்டர் மே மாதம் சொல்லி வைத்தவை. எனக்கு வந்த டேப்பில் யாரைப் பற்றி, என்ன இருந்தது என்று எழுத மாட்டேன். அது எங்கள் விதி. ஒன்று மட்டும் சொல்லலாம். ஒரு இடத்தில் டாக்டர் நிறுத்தும் பொத்தானை அமுக்க மறந்துவிட்டு, நர்சிடம் தமிழில் ஒரு கேள்வி கேட்டார். டிக்டேஷன் இல்லாததை அடிக்கக் கூடாது, அதனால் அடிக்கவில்லை. அன்றைக்கு மட்டும் என் கால் பெடலை விட்டு இறங்கிவிட்டது. ரூமுக்கு வந்து உங்கள் முப்பத்தேழாம் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தேன்.

மறுநாள் மில்லுக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாசலிலேயே ஒரு பெண் ஈர முடியோடு, கையில் பழைய சீட்டுகளோடு நின்றாள். பேச்சுக் கொடுத்தேன். பெயர் ஞானபாக்கியம். சமுத்திரத்தின் மனைவி. இனி எழுதுவது எல்லாம் அவள் வாயால் சொன்னது, டேப்பில் கேட்டது இல்லை.

"செவ்வாக்கெழம சாயந்தரம் டீக்கடையில வச்சுப் பிடிச்சிட்டுப் போனாக. ரெண்டு ராத்திரி ஸ்டேஷன் வாசல்லயே கெடந்தேன். உள்ள இருந்து அவுக சத்தம் கேக்கும். பொறவு சத்தமும் கேக்கல. வியாழக்கெழம ஜீப்புல தூக்கிட்டுப் போயி, தென்ன மரத்துல இருந்து விழுந்துட்டான்னு டாக்டர்கிட்ட சொல்லிருக்காக. உள்ளங்காலைப் பாக்கணுமே தாயி, அம்புட்டும் வரி வரியா வீங்கிக் கெடந்துச்சு. இப்ப கிட்னி ரெண்டும் போச்சுன்னு மதுரையில சொல்லுதாக."

திருடு போன மோட்டார் வைண்டிங் கடையில் இருந்ததாம். தோப்புக்காரர் மகனே ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு அப்பாவிடம் சொல்ல மறந்துவிட்டானாம். இது உங்கள் புத்தகத்தில் இல்லை. பன் இருக்கிறது.

ஜூலைக் கடைசியில் அவள் கலெக்டருக்கு மனுப் போட்டிருக்கிறாள். அதன் பிறகு உங்கள் ஸ்டேஷன் புத்தகத்தில் புதிதாக ஒன்று முளைத்திருக்கிறது. சமுத்திரம் வியாழன் காலையில் தேங்காய் திருட மரமேறி விழுந்தான், அப்போதுதான் பிடித்தோம் என்று. ஆர்.டி.ஓ. விசாரணை செப்டம்பர் ஆறாம் தேதி. செவ்வாய்க்கிழமையே பிடித்தார்கள் என்று சொல்ல அவள் ஒருத்திதான் இருக்கிறாள். டீக்கடைக்காரர் பார்க்கவே இல்லையாம். அவள் சொல்வது எடுபடாவிட்டால் அந்த ஆள் கிட்னியும் போய், தேங்காய்த் திருடனாகவும் ஆகி, ஜெயிலுக்கும் போக வேண்டும்.

அண்ணே, விசாரணைக்கு நீங்களும் வருகிறீர்கள் என்று சொன்னாள். செவ்வாய்க்கிழமை என்று உங்கள் வாயால் சொல்லிவிடுங்கள். ஒரே ஒரு கிழமைதான். உங்கள் நோட்டில் எழுதியதுதான். நீங்களாகச் சொன்னால் நான் அந்தப் பக்கமே வரமாட்டேன்.

அங்காளம்மாள்


ஸ்ரீவில்லிபுத்தூர்
27.8.1999

தங்கச்சி அங்காளுக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்துவிட்டேன். வகுப்புக்கும் போகவில்லை.

நான் அந்த ஆளை அடிக்கவில்லை. நம்ம அப்பா மேல் ஆணை. அடித்தது வேறு ஆள். பெயர் எழுத மாட்டேன். நான் காலைப் பிடித்துக்கொண்டேன், அவ்வளவுதான். பிடி என்றார்கள், பிடித்தேன். நான் பிடிக்காவிட்டால் இன்னொருத்தன் பிடித்திருப்பான். இருபத்து மூன்று வருஷமாகச் சொன்னதைச் செய்கிறவன் நான். இதில் என் தப்பு என்ன?

ப்ராஜெக்ட் எழுதும்போது இந்தப் புகாரே கிடையாது. அதற்குப் பிறகு ஸ்டேஷன் ரைட்டர் காசிராஜன் ஸ்டேஷன் புத்தகத்தை வியாழன் என்று சரிக்கட்டினார். நான் தேரோட்டப் பந்தோபஸ்தில் இருந்தேன், திரும்பி வந்த பிறகுதான் தெரியும். வியாழன் என்று நானும் ஸ்டேட்மெண்ட் கொடுத்துவிட்டேன். இனி மாற்றிச் சொன்னால் இன்ஸ்பெக்டர் என்னை உயிரோடு விடமாட்டார்.

காலேஜில் இருக்கும் மூன்றைப் பற்றிக் கவலையில்லை. அங்கே எவனும் படிக்க மாட்டான், எடை பார்த்து மார்க் போடுவான். உன்னிடம் இருப்பதுதான். அதைக் கிழித்துப் போடு. அடுப்பில் போடு. அண்ணன் கேட்கிறேன்.

யோசித்துப் பார். யார் அந்த சமுத்திரம்? நமக்கு உறவா, சாதியா, சனமா? அவனுக்காகக் கூடப் பிறந்தவன் சோற்றில் மண் போடுவாயா? அந்தப் பொம்பளை ஒப்பாரி வைத்தால் நீ உருகிவிடுவாயா? நீ ஒரு டைப்பிஸ்ட். அடித்தோம், அனுப்பினோம் என்று இருக்க வேண்டியவள். கோர்ட்டு, கச்சேரி என்று ஏறினால் புருஷனை விட்டு ஓடியவள் என்று முதல் கேள்வியிலேயே உன்னை நாறடிப்பார்கள், எங்கள் ஆட்களுக்கு அது தெரியாதா? உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.

கிழித்துவிட்டு ஒரு கார்டு போடு. தீபாவளிக்கு வீட்டுக்கு வா. மதினி உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். மாப்பிள்ளையிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

உன் அண்ணன்
உக்கிரபாண்டி


ராஜபாளையம்
2.10.1999

அண்ணன் அவர்களுக்கு,

விசாரணையில் நீங்களும் இருந்தீர்கள். ஆனால் ஆரம்பத்திலிருந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்ததால் சிலவற்றைத் தவறவிட்டிருப்பீர்கள். அதனால் எழுதுகிறேன்.

உங்கள் முறை வந்தபோது ஆர்.டி.ஓ. அம்மா இரண்டு தடவை கேட்டார்கள், எந்தக் கிழமை என்று. இரண்டு தடவையும் வியாழன் என்றீர்கள். வாசலில் நான் நாலாவது பிரதியோடு நிற்கிறேன் என்று தெரிந்தும் சொன்னீர்கள். அதற்குப் பிறகுதான் உள்ளே வந்தேன். அதுவரைக்கும் திரும்பிப் போய்விடலாம் என்றுதான் இருந்தேன். இதை நீங்கள் நம்ப வேண்டியதில்லை.

ஆர்.டி.ஓ. அம்மா முதல் பக்கத்தை வாய்விட்டுப் படித்தார்கள். "தங்கைக்கு, படித்துத் திருந்தவும்." யாரோ பின்னால் சிரித்தார்கள், அது ரைட்டர் காசிராஜன் என்று நினைக்கிறேன். உறுதிமொழியைப் படித்தபோது அவரும் சிரிப்பதை நிறுத்திவிட்டார். முப்பத்தேழாம் பக்கம் வந்தபோது உங்கள் இன்ஸ்பெக்டர் உங்களைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். உங்களுக்காக வருத்தப்பட்டேன் என்று எழுத ஆசைதான். வரவில்லை. ஒருத்தன் காலைப் பிடித்துக்கொடுத்துவிட்டு, பன் கொடுத்தோம் என்று எழுதிப் பதினைந்து மார்க் கேட்ட ஆளை நினைத்தால் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. அவ்வளவுதான் இருக்கிறது.

நீங்கள் சொன்ன அந்த முதல் கேள்வியையும் உங்கள் வக்கீல் கேட்டார். புருஷனை விட்டு வந்தவள்தானே என்று. ஆமாம் என்றேன். அவருக்கு அடுத்த கேள்வி இல்லை.

ஆர்.டி.ஓ. அம்மா, "தேதியை நீங்களா டைப் பண்ணும்போது மாத்தினீங்களா?" என்று கேட்டார்கள். உங்கள் ஜூலை 13ஆம் தேதிக் கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். "என் நோட்டில் தேதி தப்பாது. அப்படியே அடி." கழுதை என்று எழுதியிருந்ததையும் சேர்த்தே படித்தார்கள்.

டாக்டரையும் கூப்பிட்டிருந்தார்கள். அவர் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டதால் இனி நான் சொல்லலாம். அன்றைக்கு டேப்பில் நர்சிடம் கேட்ட அதே கேள்விதான்: "தென்னை மரத்துல இருந்து விழுதவனுக்கு உள்ளங்காலுல எப்படிம்மா பத்து வரி வரும்?" மே மாதம் நர்சிடம் கேட்டதை செப்டம்பரில் சபையில் கேட்டார். நல்ல டாக்டர். நாலு மாதம் லேட்.

தேங்காய்த் திருட்டுக் கேஸ் நிற்கவில்லை. இன்ஸ்பெக்டர், ரைட்டர், நீங்கள் என்று மூன்று பேருக்கும் சஸ்பென்ஷன் ஆர்டர் வந்துவிட்டதாக ஞானபாக்கியம் சொன்னாள். அவள் சந்தோஷப்பட்டுச் சொல்லவில்லை. வாரத்துக்கு இரண்டு தடவை சமுத்திரத்தை டயாலிசிஸுக்காக மதுரைக்குக் கூட்டிப்போய்க் கொண்டுவந்து விடுகிறாள். சந்தோஷப்பட நேரம் இல்லை.

உங்கள் காலேஜிலிருந்து ஒரு பிரதி திருத்தப்பட்டு வந்திருக்கிறது. கடைசிப் பக்கத்தில் டைப் செய்தவர் என்று மில் விலாசம் போட்டிருந்தேன், அங்கே அனுப்பிவிட்டார்கள். இத்துடன் வைத்திருக்கிறேன். நேரடி அனுபவக் குறிப்புக்குப் பதினைந்துக்குப் பதினைந்து. "நேர்மையான பதிவு, பாராட்டுகள்" என்று பேராசிரியர் பச்சை மையில் எழுதியிருக்கிறார். எடைதான் பார்ப்பார்கள் என்று நீங்கள் சொன்னது சரிதான்.

தீபாவளிக்கு நான் வரவில்லை. மதினியைக் கேட்டதாகச் சொல்லுங்கள். மாப்பிள்ளையிடம் நீங்கள் பேச வேண்டாம், நானே பேச ஏற்பாடு செய்துவிட்டேன்.

என் மணிக்கட்டு முறிந்த அன்றைக்கு ஆஸ்பத்திரியில் எழுதிய சீட்டு இன்னும் அங்கே இருக்கிறது. தேடி எடுக்கச் சொன்னேன். "மாடிப்படியில் வழுக்கி விழுந்ததாகக் கூறுகிறார்" என்று இருக்கிறது. அதைத் திருத்தக் கோரி மனுக் கொடுத்திருக்கிறேன். போலீஸிலும் ஒரு புகார் கொடுத்திருக்கிறேன். இரண்டிலும் சாட்சி என்று உங்கள் பெயரைப் போட்டிருக்கிறேன்.

விசாரிக்க வருவார்கள். இந்த முறை நோட்டைப் பார்க்க வேண்டாம், கிழமையையும் யோசிக்க வேண்டாம். கல்யாணம் ஆனதும் எங்களுக்கு அந்த வீட்டைப் பார்த்து வாடகை பேசி முடித்தது நீங்கள்தான். அந்த வீட்டுக்கு மாடி கிடையாது, அண்ணே.

அங்காளம்மாள்